கிளட்ச் கற்பித்த இலக்கணம்

மலராசிரியர் என் அறைக்கு வந்து, "இவ்வாண்டு மலருக்கு நீயும் ஒரு கட்டுரை தரவேண்டும்" என்றபோது நான் சிரித்துவிட்டேன். நம் சங்க மலரைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் சிலம்பில் நீதியைக் காண்பார். இன்னொருவர் குறளில் காதலைக் காண்பார். மூன்றாமவர் கங்கைக் கரையில் நிலவைக் கண்டு உருகுவார். பொறியியல் படிக்கும் நான் எதைக் காண்பது? என் கையில் படிந்த கிரீஸைத்தான். "அப்படியானால் அந்தக் கிரீஸைப் பற்றியே எழுது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆகவே, இது ஒரு பழைய காரின் கிளட்சைப் பற்றிய கட்டுரை. கவிதையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேராசிரியர் ஐயாவை நம் சங்கத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காசிக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒற்றுப் பிழையோடு ஒரு சொல் அவர் காதில் விழுந்தால் முகம் சுளிப்பவர். இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பதைவிடப் படுத்திருந்தது என்பதே பொருந்தும். நான்கு டயரிலும் காற்றில்லை. உள்ளே எலி குடித்தனம். மேலே இருபது ஆண்டுத் தூசு. அது 1965-ஆம் ஆண்டில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளில் பெரும்பாலும் மூன்று வகைக் கார்களே ஓடின என்று என் தாத்தா சொல்வார். வங்காளத்து உத்தரபாராவிலிருந்து அம்பாசடர் வந்தது; பம்பாயிலிருந்து பியட் வந்தது; நம் சென்னையிலிருந்து ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரோடு 1959-இல் வெளிவந்த வண்டி அது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று அத்தொழிற்சாலையிலிருந்து கார் எதுவும் வருவதில்லை.

ஹெரால்டின் அழகே தனி. முன்பக்கத்து மூடியைத் தூக்கினால், இரு பக்கத்து மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்துவிடும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதும் திரும்பிவிடும். காசி நகரத்துச் சந்துகளை நினைத்தே செய்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், ஐயா எங்களிடம் சொன்னார்: "தம்பிகளா, இது ஓடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஓடினால், இந்தப் பொங்கல் விழாவுக்கு நானும் அம்மாவும் இதில்தான் வருவோம்." அவ்வளவுதான். அவர் கேட்டது கூட இல்லை, சும்மா சொன்னார். ஆனால் ஐயாவுக்கு எண்பத்தைந்து வயது. இவ்வாண்டுப் பொங்கலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

மூவர் என்றேனே, அவர்கள் யார்? முதலாவது நான், இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு, தலைவன் என்று என்னை நானே நியமித்துக்கொண்டவன். இரண்டாமவர் கோயம்புத்தூர் நண்பர். பாதிப் பட்டறை வீட்டிலேயே இருப்பவர். மூன்றாமவன் முதலாண்டு மாணவன், தென்காசிக்காரன். தென்காசியிலிருந்து வடகாசிக்கு வந்தவன் என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் என்னை "அண்ணே" என்பான். சொன்ன வேலையைச் செய்வான். சொல்லாததைக் கேள்வியாகக் கேட்பான்.

எஞ்சினை இறக்கிப் புதுப்பித்த கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். 948 சி.சி. அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். நகரத்தில் ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்தார்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதியவை போட்டோம். வால்வுகளை நாங்களே கையால் அரைத்து உட்கார வைத்தோம். கிளட்ச் பிளேட்டைச் சென்னைப் புதுப்பேட்டையில் என் மாமா தேடிப் பிடித்தார். விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு நண்பரின் பெட்டியில், முறுக்கு டப்பாவுக்கும் போர்வைக்கும் நடுவே அது காசி வந்து சேர்ந்தது. நான்கு மாதம் இப்படிப் போயிற்று. மார்கழி பிறந்து பத்து நாள் ஆனபோது எஞ்சின் வண்டியில் ஏறிவிட்டது.

சாவியைத் திருப்பினோம். இரண்டு முறை இருமிற்று. மூன்றாம் முறை உயிர் வந்தது. ஆகா, அந்த ஓசையை என்னவென்று சொல்வது! ஐயா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். நான் மாப்பிள்ளை போல உள்ளே அமர்ந்து, கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினேன்.

கரகரவென்று பல்லைக் கடித்தது. கியர் விழவில்லை. மறுபடி தள்ளினேன், மறுபடி கரகரப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல விழுகிறது. கியரில் போட்டுவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்தபடி சாவியைத் திருப்பினால், வண்டி தவளை போல முன்னே தாவுகிறது. அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில், கலைப் பிரிவு நண்பர்களுக்காகக் கிளட்ச் என்பது யாதென்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் பின்புறம் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் சுழல்கிறது, அது பிளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய மூடி ஒன்று உண்டு. அதற்குள் வலிய ஸ்பிரிங்குகளும், அவை தள்ளும் ஓர் இரும்புத் தட்டும் இருக்கின்றன. அதைப் பிரஷர் பிளேட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே, இரு உள்ளங்கைகளுக்கு இடையில் அகப்பட்ட அப்பளம் போல, கிளட்ச் பிளேட் இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு இதன் நடுவில் கோத்திருக்கும். ஸ்பிரிங் அழுத்தும்வரை மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். எஞ்சினின் வலிமை சக்கரத்துக்குப் போகும். காலால் மிதித்தால் அழுத்தம் விலகும். அப்பளம் தனியே நின்றுவிடும். அப்போது கியரை மாற்றலாம்.

ஆகவே கிளட்சுக்கு வரும் நோய்கள் முக்கியமாக இரண்டு. எண்ணெய் பட்டோ தேய்ந்தோ பிடிக்காமல் நழுவுவது ஒன்று. அப்போது எஞ்சின் கூவும், வண்டி நகராது. மிதித்தும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. முன்னது பற்றில்லாத நோய்; பின்னது பற்று விடாத நோய். எங்கள் வண்டிக்கு இரண்டாவது. காசியிலேயே இத்தனை காலம் இருந்தும் அதற்குப் பற்று விடவில்லை!

நிற்க. நோய் தெரிந்தது, காரணம் எது? ஹெரால்டில் கிளட்ச் மிதிக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கம்பியில்லை, எண்ணெய் இருக்கிறது. மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாயில் தள்ளும். மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் ஒரு கோலைத் தள்ளும். கோல் போர்க்கைத் தள்ளும். போர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். அது பிரஷர் பிளேட்டை விலக்கும். இந்தக் குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போதும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். மிதித்த மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

இந்த எண்ணெய் வேலை முழுவதையும் செய்தவன் தென்காசித் தம்பி. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "காற்று இருக்கிறது. நீ சரியாக வெளியேற்றவில்லை" என்றேன்.

"மூன்று தடவை எடுத்தேனே, அண்ணே."

"அப்படியானால் நான்காம் தடவை எடு."

எடுத்தான். காசியின் மார்கழிக் குளிரை அறிந்தவர்களுக்கு அது என்ன தண்டனை என்று தெரியும். மூடுபனியில் கொட்டகை விளக்கே மங்கலாகத்தான் தெரியும். ஒருவர் மிதிக்க, அவன் நிப்பிளைத் திறக்க, கண்ணாடிப் புட்டியில் குமிழி வருகிறதா என்று பார்க்க, மறுபடி மூட, மறுபடி மிதிக்க. குமிழி வரவில்லை. நிப்பிள் மேற்புறமாக இருக்கும்படி சிலிண்டரை மாட்டினானா என்று பார்த்தேன், சரியாகவே மாட்டியிருந்தான். கீழ்நோக்கி மாட்டினால் காற்று உச்சியில் தங்கிவிடும். ரப்பர்க் குழாய் மிதிக்கும்போது உப்புகிறதா என்று பார்த்தோம், உப்பவில்லை. ஆயினும் நான் விடவில்லை. மூன்று மாலைகள் அவனை அதே வேலையைச் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள், விடுதி உணவுக்கூடத்தில், பத்துப் பேர் முன்னிலையில், "பொங்கலுக்கு வண்டி ஓடாவிட்டால் இவனைக் கேளுங்கள்" என்று சொன்னேன். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

கோவை நண்பர் வேறொரு காரணம் சொன்னார். நெடுநாள் நின்ற வண்டியில், ஈரத்தால் துரு ஏறிக் கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் எங்கள் பிளேட் புதியது. பிளைவீலைத் தேய்த்துத் துடைத்துத்தான் பூட்டியிருந்தோம். அந்தக் காரணம் அன்றே தள்ளுபடி ஆயிற்று.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஐயா தமக்குத் தெரிந்த மிஸ்திரியை வரவழைத்தார். எழுபது வயது, தலையில் கம்பளிக் குல்லாய், காதில் ஒரு பீடி. நான் ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, மனத்துக்குள் ஏதோ எண்ணினார். பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டார். கரகரத்தது. ஏன் எண்ணினார்? கிளட்ச் உண்மையில் விட்டிருந்தால், சில நொடிகளில் கியர் பாக்ஸின் உள்தண்டு நின்றுவிடும். ரிவர்ஸ் ஓசையின்றி விழும். காத்திருந்தும் கரகரத்தால் தண்டு இன்னும் சுற்றுகிறது என்று பொருள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்தார். கியர் பாக்ஸின் மேல்மூடியை நாங்கள் இன்னும் போடவில்லை. ஸ்லேவ் சிலிண்டர் கண்ணுக்குத் தெரிந்தது. என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு, கோல் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். ஏறக்குறைய அரை அங்குலம். எழுந்தார். "எண்ணெய் வேலை செய்தவன் கை நல்ல கை. குற்றம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. நாளை காலை கியர் பாக்ஸை இறக்குவோம்" என்று இந்தியில் சொன்னார். வெளியே வந்து, மிதிக்கும்போது முன்பக்கத்துக் கிராங்க் புல்லி அசைகிறதா என்றும் பார்த்தார். இந்த எஞ்சினில் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால் கிராங்க்கே முன்னுக்கு நகர்ந்துவிடும். அதுவும் அசையவில்லை.

ஒரு ஸ்கேல்! எல்லாருடைய பென்சில் பெட்டியிலும் இருப்பது. மூன்று மாலைகள் நான் ஒருவனைக் குளிரில் உட்கார வைத்தேன். ஒரு முறை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அளந்தால் என் கட்சி தோற்றுப்போகும் என்று உள்ளூர ஓர் அச்சம் இருந்ததோ, என்னவோ!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே என்றால் என்ன இருக்கக்கூடும்? தண்டின் நுனி உட்காரும் சிறு வெண்கலப் புஷ் எண்ணெயின்றி இறுகியிருக்கலாம். கியர் பாக்ஸைச் சேர்க்கும்போது அதன் பாரம் பிளேட்டில் தொங்கி, பிளேட் கோணியிருக்கலாம். அல்லது...

அல்லது என்ற இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கிளட்சைப் பூட்டிய இரவு நினைவுக்கு வந்தது. மணி பத்துக்கு மேல். கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பிளைவீலுக்கு முன் உட்கார்ந்திருந்தேன். அதன் நடுக் குமிழ் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குட்டையாயும் இருக்கும். நீண்ட பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இதுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டோ?" என்று கேட்டான். எனக்கு அப்போது அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பேசாமல் விளக்கைப் பிடி" என்றேன். பட்டறையில் கடைந்து வந்த மரக் குச்சியைச் செருகி நடுவைப் பார்த்தேன். ஆறு போல்ட்டையும் எதிரெதிராக ஒழுங்காக முடுக்கினேன். மரக் குச்சிக்கு முன் பின் ஏது? பிளேட் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது நுழையும்.

விடியும்வரை ஒரு யோசனை என்னைத் தின்றது. மிஸ்திரி ஒன்பது மணிக்கு வருவார். நான் ஆறு மணிக்கே போய், தனியாக இறக்கி, திருப்பிப் பூட்டிவிட்டால்? ஹெரால்டில் முன் இருக்கைகளை எடுத்துவிட்டுக் கியர் பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே தூக்கலாம். ஆனால் ஒற்றை ஆளால் அதைத் தூக்க முடியாது. நேர்மை என்னைத் தடுத்தது என்று எழுத ஆசைதான். தடுத்தது கியர் பாக்ஸின் எடை.

மறுநாள் காலை நால்வருமாக வேலையைத் தொடங்கினோம். புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றி, எஞ்சினுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, ஸ்டார்ட்டரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் விலக்கி, கியர் பாக்ஸைப் பின்னுக்கு இழுத்தோம். பிரஷர் பிளேட்டும் வந்தது. மிஸ்திரி கிளட்ச் பிளேட்டை வெயிலில் பிடித்தார். நீண்ட குமிழ் பிளைவீல் பக்கம் இருந்திருக்கிறது. பிளைவீலின் போல்ட் தலைகள் உரசி, அதன்மேல் வெள்ளி வளையம் போல ஒரு பளபளப்பு. பிரஷர் பிளேட் எவ்வளவு விலகினாலும் குமிழ் போல்ட் தலைகளைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தண்டு எப்படி நிற்கும்?

"இதை யார் மாட்டியது?" என்று கேட்டார் மிஸ்திரி.

"ஹம்னே" என்றேன் நான்.

காசியில் இருப்பவர்களுக்கு இதன் நயம் தெரியும். இவ்வூர் இந்தியில் 'ஹம்' என்றால் நாங்கள் என்றும் பொருள். நான் என்றும் பொருள். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மிஸ்திரி எப்படி எடுத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டினார். தென்காசித் தம்பியோ, "ஆமா, நானும் கவனிச்சிருக்கணும், அண்ணே" என்று மெதுவாகச் சொன்னான்.

ஐயா சாய்வு நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கண் மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தம்பி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?"

என் வாழ்நாளில் எந்தத் தேர்விலும் அவ்வளவு கடினமான வினாவை நான் கண்டதில்லை. நம் மொழியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒருவன் என்றால் நான். கேட்பவரையும் சேர்த்தால் நாம். அவரை விலக்கினால் நாங்கள். மூன்றும் வெவ்வேறு. எதைச் சொன்னாலும் கணக்குத் தீர்ந்துவிடும்.

"நான்தான் ஐயா மாட்டினேன். இவன் கேட்டான், நான் பதில் சொல்லாமல் அதட்டினேன். எண்ணெய் வேலையில் எந்தக் குறையும் இல்லை" என்றேன்.

"சரி" என்றார் ஐயா. வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் "பரவாயில்லை அண்ணே" என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். சொல்லவில்லை. அதுவும் நியாயமே.

மிஸ்திரி பிளேட்டைத் தண்டில் கோத்துச் சுற்றிப் பார்த்தார், கோணல் இல்லை. குமிழில் உரசல் தவிர வேறு சேதமில்லை; அதையே போடலாம் என்றார். வெண்கலப் புஷ்ஷுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பிளேட்டை என் கையில் கொடுக்க நீட்டினார். நான் அதை வாங்கித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, சாக்குக்கட்டியால் ஒரு பக்கத்தில் 'எஞ்சின்' என்று தமிழில் எழுதி, பிறகு மாட்டினான். மாலை நான்கு மணிக்கு எஞ்சின் ஓடியது. கிளட்சை மிதித்து, எண்ணி, ரிவர்ஸ் போட்டேன். ஓசையே இல்லை.

பொங்கலன்று ஐயா முன் இருக்கையிலும் அம்மா பின் இருக்கையிலும் அமர்ந்து விழா மண்டபத்துக்கு வந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வண்டியை ஓட்டியவன் தென்காசித் தம்பி என்பதையும் பார்த்தீர்கள். ஏன் அவன் ஓட்டினான் என்று சிலர் என்னைக் கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பினேன். உணவுக்கூடத்தில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை அதே பத்துப் பேர் முன்னிலையில் திரும்பப் பெற வேண்டும் அல்லவா? பத்துப் பேரும் இம்மலரைப் படிப்பார்கள். ஆகவேதான் மலராசிரியருக்கு இணங்கினேன்.

பழைய வண்டியைத் தொட விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். கிளட்ச் விடவில்லை என்றால் முதலில் அளந்து பாருங்கள். கோல் நகரவில்லையென்றால் குற்றம் எண்ணெய் வழியிலோ மிதியின் இணைப்பிலோ. நன்றாக நகர்ந்தால் பெரும்பாலும் உள்ளே. அளப்பதற்கு முன் யாரையும் குறை சொல்லாதீர்கள். பிளேட்டை மாட்டுமுன் இரு பக்கத்தையும் பாருங்கள். பக்கத்தில் விளக்குப் பிடிப்பவன் ஏதேனும் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. எனக்கு அது மூன்று மாலைகளும் ஒரு தம்பியின் முகமும் ஆயிற்று.

அவன் இப்போது பழையபடி என்னோடு பேசுகிறான். கேள்வியும் கேட்கிறான்.